கல் இருக்கிறது, கதை சொல்ல ஆள் இல்லை

புனேயின் கிழக்கு ஓரத்தில் உள்ள கராடியில், கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் விடுமுறைக்கு ஐரோப்பா போய் வருவது இப்போது அதிசயமில்லை. திரும்பி வந்து காட்டும் படங்கள்தான் மாறிவிட்டன. முன்பெல்லாம் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பது போல ஒரு படம் இருக்கும். இப்போது தலையில் ஹெல்மெட், காலுக்கடியில் மின்சார சைக்கிள், பின்னால் இடிந்த ரோமானியக் கல்லறை. யூரோக்களை எண்ணிக் கொடுத்து, ஒரு கைடின் பின்னால் சில மணி நேரம் சைக்கிள் மிதித்திருக்கிறார்கள்.

இவர்கள் மிதித்தது அப்பியா சாலையில். கி.மு. 312-ல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற ரோமானிய அதிகாரி போட ஆரம்பித்த சாலை அது. முதலில் காபுவா நகர் வரை போனது. பிறகு இத்தாலியின் குதிகாலில் உள்ள பிரிண்டிசி துறைமுகம் வரை நீண்டது. ரோமின் மதிற்சுவரைத் தாண்டியதும் இரு பக்கமும் கல்லறைகள், கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைச் சுரங்கங்கள், தேர்ப் பந்தய மைதானம், சற்றுத் தள்ளி நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களின் வளைவுகள் என்று வரிசையாக வருகின்றன. 2024-ல் யுனெஸ்கோ இந்தச் சாலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த இடத்துக்கு மின்சார சைக்கிள் கச்சிதமாகப் பொருந்துகிறது. நடந்தால் கால் ஓய்ந்துவிடும். பஸ்ஸில் போனால் பாதி கண்ணில் படாது. ஐரோப்பிய விதிப்படி சைக்கிளின் மோட்டார் 250 வாட்டைத் தாண்டக் கூடாது. நாம் மிதித்தால்தான் அது உதவும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டால் கை கழுவிவிடும். ஐம்பது வயதுக்காரரும் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறலாம். சத்தமில்லை, புகையில்லை. கைடு பேசுவது காதில் விழும்.

விஷயம் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. சைக்கிள் ஒரு வசதி. காசு கொடுப்பது கைடின் பேச்சுக்கு. அவர் இல்லாவிட்டால் அப்பியா சாலையும் குண்டும் குழியுமான பழைய கல் ரோடுதான். ரோம் நகருக்குள் மாக்சென்டியஸ் மண்டபம் என்று பிரம்மாண்டமான வளைவுகள் மூன்று நிற்கின்றன. எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நல்ல கைடு கீழே பார்க்கச் சொல்வார். அந்த மண்டபத்துக்கு அடியில் இருப்பது முதல் நூற்றாண்டில் டொமீஷியன் என்ற பேரரசன் கட்டிய மிளகுக் கிடங்கு. அங்கே குவிந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறியது. இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி புலம்பியது இந்த வியாபாரத்தைப் பார்த்துத்தான்.

ஆக, அப்பியா சாலை பிரிண்டிசியோடு முடிந்துவிடவில்லை. இத்தாலியத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் அலெக்சாண்டிரியா. நைல் நதியில் படகு. கோப்டோஸில் இறங்கி ஒட்டகத்தில் பாலைவனம். செங்கடலில் பெரனிகே துறைமுகம். அங்கிருந்து பருவக்காற்றைப் பிடித்து முசிறி. வழியையும் நாட்கணக்கையும் பிளினியே எழுதி வைத்திருக்கிறார். தமிழ்ப் பிராமி எழுத்து கீறிய பானைத் துண்டுகள் பெரனிகேயிலும் குசேர் அல் காதிமிலும் அகப்பட்டுள்ளன. நம் ஆட்களும் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கப்பல்கள் முசிறிக்கு மட்டும் வரவில்லை. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வியாபாரி எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, குஜராத்தின் பரூச் துறைமுகத்தை விரிவாகச் சொல்கிறது. அங்கிருந்து தெற்கே இருபது நாள் பயணத்தில் பைத்தன். அதற்குக் கிழக்கே பத்து நாளில் தகரா, அதாவது இன்றைய தேர். பைத்தனிலிருந்து மணிக்கற்களும் தேரிலிருந்து துணிகளும் வண்டிகளில் வந்தன, அதுவும் சாலையே இல்லாத பெரும் நிலப்பரப்பைக் கடந்து வந்தன என்கிறார் அவர்.

கராடியை ஒட்டி ஓடும் நகர் ரோடு, 2024-ல் அகில்யாநகர் ஆகிவிட்ட பழைய அகமத்நகருக்குப் போய், பைத்தன் இருக்கும் அதே திசையில் தொடர்கிறது. அந்தக் காலத்து வண்டிகள் கராடி வழியே போயின என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்று சாலை இல்லை, வண்டி போனது. இன்று சாலை இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு வண்டிதான் நகர மாட்டேனென்கிறது. அந்த நெரிசலில் நிற்கிற நேரத்தில் ஒன்றை யோசிக்கலாம். ரோமின் மறுமுனையைப் பார்க்க விமானம் ஏறத் தேவையில்லை.

கராடியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், எரவாடாவில் இருக்கிறது டெக்கான் கல்லூரி. அதன் தொல்லியல் துறையை வளர்த்த எச்.டி. சங்காலியாவும் எம்.ஜி. தீட்சித்தும் 1945-46-ல் கோலாப்பூரின் பிரம்மபுரி மேட்டைத் தோண்டினார்கள். அந்த மேடு தந்த வெண்கலப் பொருள்களில் ஒன்று போசைடன், கிரேக்கர்களின் கடல் தெய்வம். கடலைப் பார்க்க மலைத்தொடரைத் தாண்ட வேண்டிய ஊரில், பஞ்சகங்கைக் கரையில் கடல் தெய்வம்! மத்தியதரைக் கடல் பக்கத்தில் வார்த்த சிலை அது. பிரம்மபுரிப் பொருள்களை கோலாப்பூர் டவுன்ஹால் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மகாலட்சுமி கோவிலுக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்க்கிறார்கள்?

எதிர்த் திசையிலும் சரக்கு போனது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரில், 1938-ல் ஓர் இந்தியத் தந்தச் சிலை கிடைத்தது. ஏறக்குறைய அதே சாயலில் ஒரு தந்தப் பெண் உருவம் தேரில் கிடைத்திருக்கிறது. பாம்பேயி போய் வந்தவர்கள் நிறைய. தேர் போய் வந்தவர்களைத் தேடத்தான் வேண்டும்.

இன்னும் அருகில் கார்லே. லோனாவாலாவுக்கு முன்பே வருகிறது. மலையைக் குடைந்து செய்த சைத்திய மண்டபங்களில் இந்தியாவிலேயே பெரியது. கூரையில் உள்ள மர வளைவுகள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக அப்படியே நிற்கின்றன. தூண்களில் அவற்றைத் தானம் செய்தவர்களின் பெயர்கள். அவர்களில் சிலர் தேனுகாகடம் என்ற ஊரைச் சேர்ந்த யவனர்கள் என்று பிராமி எழுத்து சொல்கிறது. யவனர் என்றால் ரோமானியர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மேற்கிலிருந்து வந்த கிரேக்கராக இருக்கலாம். இங்கேயே தலைமுறைகளாகத் தங்கிப்போனவர்களாகவும் இருக்கலாம். பெயர்கள் நம் ஊர்ப் பெயர்கள் போலவே இருக்கின்றன. வியாபாரத்துக்கு வந்த குடும்பம் ஊரோடு ஒன்றிப்போய், புத்த பிட்சுக்களுக்குத் தூண் எடுத்துக் கொடுத்திருக்கிறது. பிழைப்புக்காக வேறு மாநிலம் போய் அங்கே கோவில் திருப்பணிக்கு நன்கொடை எழுதும் தமிழர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

இதையெல்லாம் அங்கே யார் சொல்கிறார்கள்? வாசலிலேயே இருக்கும் ஏகவீரா தேவி கோவிலுக்கு வரும் கூட்டம் குகைக்குள் எட்டிப் பார்த்து, படம் எடுத்து, படியிறங்குகிறது. ஜுன்னாருக்கு அப்பால் நாணேகாட் கணவாயிலும் இதே கதை. சாதவாகன அரசி நாகனிகாவின் நீண்ட கல்வெட்டு அங்கே குகைச் சுவரில் இருக்கிறது. கொங்கணத் துறைமுகங்களிலிருந்து சரக்கு ஏறிவந்த வழி அது. மழைக்காலத்தில் கூட்டம் அலைமோதுகிறது, ஆனால் காற்றில் மேல்நோக்கிப் பறக்கும் அருவியைப் பார்க்க.

சொல்ல ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரிக்கமேட்டை விட நல்ல உதாரணம் கிடையாது. புதுச்சேரிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, மத்தியதரைக் கடல் நாட்டு மது ஜாடித் துண்டுகளையும் இத்தாலியச் செம்மட்பாண்டங்களையும் எடுத்து உலகுக்குக் காட்டிய இடம். இன்று அங்கே போகிறவர் கண்ணில் படுவது செங்கல் தூண்கள். ரோமானிய இடிபாடு என்று நினைத்து அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார். அந்தத் தூண்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கட்டிய மடத்தின் மிச்சம். ரோமோடு தொடர்புள்ளதெல்லாம் காலடி மண்ணுக்குள் இருக்கிறது, இல்லையென்றால் அருங்காட்சியகத்தில். இரண்டாயிரம் ஆண்டுக் கதையைத் தேடி வந்தவர் இருநூற்றைம்பது ஆண்டுச் செங்கல்லைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போகிறார்.

ரோமில் கட்டடம் நிற்கிறது, நம்மிடம் மண்மேடுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மண்மேட்டுக்குத்தான் கைடு அதிகம் தேவை என்பதே பதில். நிற்கிற கட்டடம் கொஞ்சமாவது தானே பேசிக்கொள்ளும். இன்னொன்று, அப்பியா சாலையும் சும்மா பிழைத்துவிடவில்லை. 1950களில் பணக்காரர்கள் அதன் ஓரங்களை வளைத்துப் பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். 1953-ல் அன்டோனியோ செதெர்னா என்ற பத்திரிகையாளர் அவர்களை கேங்ஸ்டர்கள் என்றே தலைப்பிட்டு எழுதினார். தொடர்ந்து பல ஆண்டுகள் எழுதினார். 1988-ல்தான் அது பாதுகாக்கப்பட்ட பூங்காவானது. நம் இளைஞர்கள் சைக்கிள் மிதிப்பது அந்தச் சண்டையின் பலனில். கதை தெரிந்த ஜனங்கள் இருந்தால்தான் இடத்தைக் காப்பாற்ற ஆள் சேரும். தெரியாத இடத்தைக் காலி மனை என்றுதான் நினைப்பார்கள்.

செய்வது அப்படியொன்றும் கடினமில்லை. புனேயிலிருந்து லோனாவாலா லோக்கல் ரயிலில் ஏறினால் மளவ்லி ஸ்டேஷன். ஒரு பக்கம் கார்லே, மறு பக்கம் அதை விடப் பழைய பாஜே குகைகள். இரண்டும் சில கிலோமீட்டர் தூரத்தில். ஸ்டேஷன் வாசலில் பத்து மின்சார சைக்கிள்கள், டெக்கான் கல்லூரியில் படித்த இரண்டு பேர், அரை நாள். மலையடிவாரத்தில் சைக்கிளை நிறுத்திப் படியேறத்தான் வேண்டும். அதற்கு மோட்டார் உதவாது. இந்திய விதிப்படி 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட எடை குறைந்த மின்சார சைக்கிளுக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் தொடங்கி அரிக்கமேட்டில் முடியும் பாதைக்கு இது இன்னும் பொருத்தம். கேரள அரசு முசிறி பாரம்பரியத் திட்டத்தில் படகு விட்டு, பட்டணம் அகழாய்வின் கதையைச் சுற்றுலாவாக்கியிருக்கிறது. முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது.

எச்சரிக்கையும் தேவை. புனேயில் சில ஆண்டுகளுக்கு முன் ஆப் மூலம் வாடகை சைக்கிள்கள் ஆரவாரமாக வந்தன; வந்த வேகத்தில் மறைந்தன. வண்டியை மட்டும் வாங்கிப் போட்டால் இதற்கும் அதே கதிதான். முதல் செலவு கைடுக்கு. அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும், ஆண்டுக்கொரு முறை புதிய ஆய்வுகளைப் படிக்க வசதி வேண்டும்.

படிக்காத கைடு மௌனத்தை விட மோசம். அரிக்கமேட்டை ரோமானியர் நிறுவினார்கள் என்று ஒருவர் அளப்பார். ரோமுக்கே நாம்தான் நாகரிகம் கற்றுக்கொடுத்தோம் என்று இன்னொருவர் அளப்பார். 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி தோண்டிய விமலா பெக்லியின் குழு கண்டது வேறு: ரோமானியச் சரக்கு வரும் முன்பே அங்கே ஊர் இருந்தது, அது நின்ற பிறகும் இருந்தது. உள்ளூர் மணிக்கற்களையும் கண்ணாடி மணிகளையும் செய்து விற்ற ஊர். அந்நியர்கள் வாடிக்கையாளர்கள், அவ்வளவுதான்.

இந்த ஒரு வாக்கியத்தை அந்தச் செங்கல் தூண்களுக்குப் பக்கத்தில் நின்று நேராகச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் போதும். சைக்கிளைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.