பூனை செத்தது திருஷ்டியால இல்ல பாஸ்!

திண்டுக்கல் நாகல் நகர் தெருவுல நாலு பூனைக்குட்டி வரிசையா செத்துப்போனா என்ன பேசுவாங்க? 'எவனோ விஷம் வெச்சுட்டான்'னு பக்கத்து வீட்டை முறைப்பாங்க. இல்லேன்னா, 'கண்ணு பட்டுருச்சு'ம்பாங்க. பல நேரம் ரெண்டுமே இல்ல பாஸ்!

குட்டிகளைக் கொத்தா கொண்டுபோற வில்லன் பேரு ஃபெலைன் பேன்லூக்கோபீனியா. நாய்க்கு வர்ற பார்வோ வைரஸுக்கு நெருங்கின சொந்தம். காய்ச்சல், வாந்தி, பேதி... சில குட்டிகளுக்கு ஒரே நாள்ல கதை முடிஞ்சிடும். விஷம்னு தோணுறதே அந்த வேகத்தாலதான். அந்த வைரஸ் வீட்டுக்குள்ள ஒரு வருஷம்கூட தாக்குப்பிடிக்கும். பினாயில் ஊத்திக் கழுவிடாதீங்க, அது பூனைக்கே விஷம். தண்ணி கலந்த பிளீச்சிங் கரைசல்ல துடைச்சு, காயவிடுங்க. ஊசி போடாத புதுக்குட்டியை உடனே அதே வீட்டுக்குக் கொண்டுவராதீங்க.

அடுத்த வில்லன் நம்ம வீட்டு மருந்து டப்பாவுலயே இருக்கான். உடம்பு சுடுதேன்னு பாசத்துல பாராசிட்டமாலைப் பொடிச்சுப் பால்ல கலந்து கொடுக்கிறவங்க உண்டு. நம்ம கல்லீரல் அதைச் சமாளிச்சு வெளியேத்திடும். பூனைக்கு அதுக்கான நொதி ரொம்பக் குறைச்சல். ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை உயிரை எடுத்துடும். ரத்தத்தால ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாம ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். நாய்க்குப் போடுற பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பூனைக்கு ஆகாது.

கடுவன் பூனை வெச்சிருக்கீங்களா? மணல்ல போய்ப்போய் உக்காந்து முக்குது, ஆனா சொட்டு மூத்திரம் வரலையா? மலச்சிக்கல்னு நெனச்சு விளக்கெண்ணெய் கொடுத்துட்டுக் காத்திருக்காதீங்க. அது மூத்திரப்பாதை அடைப்பு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயமே நின்னுடும். ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிடும்கிறதால, 'நாளைக்குப் பார்க்கலாம்'ங்கிற பேச்சே கூடாது!

ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போடுற வீட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. விதையிலயும் கிழங்குலயும் இருக்கிற கோல்ச்சிசின் பூனைக்கும் எமன். எலி மருந்து தின்ன எலியைப் பிடிச்சுத் தின்னாலும் ஆபத்துதான்.

இதையெல்லாம் தாண்டி, ரோட்டுல அடிபடாமலும் தப்பிச்சு வயசாகுற பூனைகள்ல பலதைக் கிட்னிதான் கவுக்கும். வழக்கத்தைவிட அதிகமா தண்ணி குடிக்குது, இளைக்குதுன்னா கவனிங்க.

நாய் மாதிரி பூனை வலியில கத்தி ஊரைக் கூட்டாது. மூலையில போய் ஒடுங்கிக்கும். நாள் முழுக்கச் சாப்பிடலேன்னா அதுவே அலாரம். நல்லா துள்ளி விளையாடுறப்பவே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க. 6 - 8 வாரத்துல முதல் தடுப்பூசி, அப்புறம் 3 - 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரைக்கும். ரேபீஸ் ஊசியையும் மறக்காதீங்க.

திருஷ்டி சுத்துற பூசணிக்காயை வாசலுக்கு வெச்சுக்கங்க. குட்டிக்குத் தேவை ஊசிதான்!