நீரில் தத்தளிப்பவன் பகைவனா?

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜெர்மானியர் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்மூழ்கிக் கப்பல்களைக் கடலில் விட்டனர். அவற்றுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ‘யு’ என்ற எழுத்தும் ஓர் இலக்கமுமே ஒவ்வொரு கப்பலுக்கும் அடையாளம். அவற்றுள் யு-156 என்பதன் சரித்திரத்தை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதன் ஆயுள் ஒன்றரை வருஷமே. அதற்குள் அது மூழ்கடித்த கப்பல்கள் இருபது. அதைவிட அதிகக் கப்பல்களை மூழ்கடித்தவை பல உண்டு. ஆயினும், 1942-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நான்கு நாட்கள் அந்தக் கப்பல் செய்த காரியமும், அதற்குக் கிடைத்த பலனும், யுத்த தர்மம் என்று ஒன்று உண்டா என்று கேட்பவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியவை.

முதலில் கப்பலைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவோம். பிரெமென் நகரில் கட்டப்பட்டு 1941 செப்டம்பர் 4-ந் தேதி சேவையில் சேர்ந்த யு-156, சுமார் 250 அடி நீளமுள்ளது. ஐம்பது பேருக்கு மேல் அதில் வேலை செய்தனர். இருபத்திரண்டு டார்ப்பிடோக்களைச் சுமந்து செல்லும். நீர்மூழ்கிக் கப்பல் என்றால் எப்போதும் நீருக்குள்ளேயே சஞ்சரிக்கும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அக்காலத்துக் கப்பல்கள் அப்படியல்ல. அவற்றை ஓட்டும் டீசல் இயந்திரங்களுக்குக் காற்று வேண்டும். ஆகவே பெரும்பாலும் அவை கடலின் மேற்பரப்பிலேயே சென்றன. ஆபத்து நேர்ந்தால் மாத்திரம் மூழ்கி, பாட்டரியில் சேமித்த மின்சாரத்தைக் கொண்டு மெள்ள நகர்ந்தன. மேலே மணிக்குப் பதினெட்டுக் கடல்மைல் ஓடும் கப்பல், கீழே ஏழு கடல்மைலுக்கு மேல் ஓடாது. அதுவும் பாட்டரி தீரும் வரையில்தான். எனவே, விமானம் கண்ணில் பட்டதும் மூழ்கிவிடுவதே அதற்கு உயிர் தப்பும் வழி. மூழ்க முடியாதபடி மேற்பரப்பில் நிற்கும் நீர்மூழ்கிக் கப்பல், கூட்டை இழந்த ஆமைக்குச் சமானம்.

இந்தக் கப்பலின் தளபதி வெர்னர் ஹார்ட்டென்ஸ்டைன். அவரை ஒரு சாது என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. 1942 பிப்ரவரி 16-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் கரீபியக் கடலிலுள்ள அரூபா தீவுத் துறைமுகத்துக்குள் எண்ணெய்க் கப்பல்களை டார்ப்பிடோவால் தாக்கியவர் அவர். நீரில் பரவிய எண்ணெய் தீப்பற்றி எரிய, மாலுமிகள் பலர் அதில் மாண்டனர். அதன் பிறகு கரையிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பீரங்கியால் சுட உத்தரவிட்டார். பீரங்கிக் குழலில் நீர் புகாதபடி வாயில் செருகியிருந்த மூடியை எடுக்கச் சிப்பாய்கள் மறந்துவிட்டார்கள். குண்டு குழலுக்குள்ளேயே வெடித்தது. ஒருவன் உயிர் நீத்தான்; ஓர் அதிகாரி கால் இழந்தார். ஹார்ட்டென்ஸ்டைன் சிதைந்த குழலின் நுனியை ரம்பத்தால் அறுத்து எறியச் செய்து, எஞ்சிய குட்டைப் பீரங்கியைக் கொண்டே மேலும் கப்பல்களைத் தாக்கினார். தொழிலில் அவ்வளவு பிடிவாதம் உள்ள மனிதர்.

அதே வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி இரவு. இடம், தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில் அசென்ஷன் தீவுக்கு வடகிழக்கே. பிரிட்டிஷாரின் ‘லக்கோனியா’ என்ற பெரிய கப்பல் சூயஸிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி இங்கிலாந்து நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பிரயாணிக் கப்பலாகக் கட்டப்பட்ட அதில் யுத்தத்தை முன்னிட்டுப் பீரங்கிகள் பொருத்தியிருந்தார்கள். ஆகவே யுத்த நியாயப்படி அதைத் தாக்கியது தவறு என்று சொல்வதற்கில்லை. ஹார்ட்டென்ஸ்டைன் இரண்டு டார்ப்பிடோக்களை ஏவினார். கப்பல் மூழ்கலாயிற்று.

பெரிய மனிதர்களைச் சிறைப்பிடித்து வரலாம் என்று அவர் அருகே சென்றபோது, இருளில் நாற்புறமும் ஓலம் கேட்டது. அந்த ஓலம் இத்தாலிய மொழியில் இருந்தது! லக்கோனியாவில் ஏறத்தாழ 2,700 பேர் இருந்தனர். அவர்களுள் சுமார் 1,800 பேர் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டு சென்ற இத்தாலிய யுத்தக் கைதிகள். இத்தாலியோ ஜெர்மனியின் நேச நாடு. மற்றவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள், மாலுமிகள், காவலுக்கிருந்த போலந்து வீரர்கள், பெண்கள், குழந்தைகள். அடித்தளத்தில் அடைபட்டிருந்த கைதிகளில் பலர் வெளியே வரவே வழியில்லாமல் கப்பலோடு மூழ்கினர்.

ஹார்ட்டென்ஸ்டைனின் இரக்கம் முதலில் தன் நேசர்களுக்காகவே எழுந்தது என்று சொல்லலாம். ஆனால் அது அங்கேயே நின்றுவிடவில்லை. இருட்டில் நீட்டிய கையை எந்த நாட்டார் பற்றிக்கொண்டார் என்று அவருடைய மாலுமிகள் பார்க்கவில்லை. இத்தாலியரும் ஆங்கிலேயரும் போலந்துக்காரரும் ஒருங்கே தூக்கி ஏற்றப்பட்டனர். பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே அழைத்து, சூடாக ஆகாரம் கொடுத்து, தங்கள் படுக்கைகளையும் ஒழித்துக் கொடுத்தார்கள். ஐம்பது பேருக்கே இடம் போதாத கப்பலில் ஏறக்குறைய இருநூறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்த படகுகளைக் கயிற்றால் கட்டித் தன் பின்னே இழுத்து வந்தது யு-156. முன்பு சொன்ன ஆமையின் உவமையை நேயர்கள் இங்கே நினைவுகூர வேண்டும். இவ்வளவு ஜனங்களை மேல்தளத்தில் ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் மூழ்க முடியாது.

பிறகு அவர் செய்தது, யுத்த சரித்திரத்தில் மிக அபூர்வமான காரியம். செப்டம்பர் 13-ந் தேதி விடியுமுன், தாம் இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு, ரகசியக் குறியீடு ஏதுமின்றி ஆங்கிலத்திலேயே வானொலியில் அறிவித்தார். ‘லக்கோனியாவின் ஜனங்களைக் காப்பாற்ற எந்தக் கப்பல் வந்தாலும், அது என்னைத் தாக்காத வரையில் நானும் அதைத் தாக்கமாட்டேன்’ என்பது அதன் சாரம். பகைவருக்குத் தம் இருப்பிடத்தைத் தாமே காட்டிக்கொடுத்தார் என்பது இதன் பொருள். ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் அதிபதி டேனிட்ஸ், யு-506, யு-507 என்ற கப்பல்களை உதவிக்கு அனுப்பினார். ஓர் இத்தாலிய நீர்மூழ்கியும் வந்தது. டக்காரிலிருந்தும் வேறு துறைமுகத்திலிருந்தும் பிரெஞ்சுக் கப்பல்கள் புறப்பட்டன. பிரிட்டிஷ் தரப்பிலோ, இது ஒரு சூழ்ச்சியாக இருக்கலாம் என்ற சந்தேகம் மேலோங்கியது.

செப்டம்பர் 16-ந் தேதி முற்பகலில், அசென்ஷன் தீவின் புதிய தளத்திலிருந்து கிளம்பிய அமெரிக்க ‘லிபரேட்டர்’ விமானம் ஒன்று தலைக்கு மேலே வந்தது. ஹார்ட்டென்ஸ்டைன் ஒரு பெரிய செஞ்சிலுவைக் கொடியைப் பீரங்கித் தளத்தின்மேல் விரித்து வைக்கச் செய்தார். காப்பாற்றப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவர், பெண்களும் குழந்தைகளும் கப்பலில் இருக்கிறார்கள் என்று விளக்குச் சமிக்ஞையால் அறிவித்தார். விமானம் சற்று விலகிச் சென்று, என்ன செய்வது என்று தளத்தைக் கேட்டது. கப்பலை மூழ்கடிக்குமாறு அங்கிருந்த அதிகாரி உத்தரவிட்டார்.

விமானம் திரும்பி வந்து குண்டுகளை வீசியது. ஒரு குண்டு படகுகளின் நடுவே விழுந்து, தப்பிப் பிழைத்தவர்களில் பலரைக் கொன்றது. நீர்மூழ்கியும் சேதமுற்றது. ஹார்ட்டென்ஸ்டைன் கயிறுகளை அறுத்துவிட்டு, கப்பலில் இருந்தவர்களை நீரில் இறங்கச் சொல்லி, மூழ்கி மறைந்தார். நான்கு நாட்கள் ஊட்டிக் காத்தவர்களை அவரே திரும்பவும் கடலில் விடும்படி நேர்ந்தது. மற்ற இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகளில் இருந்தவர்களையும் அருகிலிருந்த படகுகளில் இருந்தவர்களையும் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து ஏற்றிக்கொண்டன. எல்லாரும் சேர்ந்து பிழைத்தவர் சுமார் 1,100 பேர். மாண்டவர் 1,600-க்கு மேல். விலகிப் போன படகு ஒன்று, அறுநூறு மைலுக்கு மேல் மிதந்து இருபத்தேழாம் நாள் லைபீரியாக் கரையை அடைந்தது. அதில் ஏறியிருந்த அறுபத்தெட்டுப் பேரில் உயிரோடு கரை சேர்ந்தவர் பதினாறு பேர்.

மறுநாள், அதாவது செப்டம்பர் 17-ந் தேதி, டேனிட்ஸ் தம் தளபதிகள் அனைவருக்கும் ஓர் உத்தரவு பிறப்பித்தார். மூழ்கிய கப்பலின் ஜனங்களை இனிக் காப்பாற்றக் கூடாது. நீந்துகிறவர்களைத் தூக்கக் கூடாது. கவிழ்ந்த படகை நிமிர்த்தக் கூடாது. உணவும் தண்ணீரும் தரக் கூடாது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. சரித்திரத்தில் அதற்கு ‘லக்கோனியா உத்தரவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வர்த்தகக் கப்பலில் உள்ளவர்களைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்காமல் அதை மூழ்கடிப்பதில்லை என்று 1936-ல் லண்டனில் எழுதிய உடன்படிக்கையை ஜெர்மனியும் ஏற்றிருந்தது. யுத்தத்தில் அது முன்னமே வெறும் காகிதமாகிவிட்டது. மிஞ்சியிருந்த ஈரத்தையும் இந்த உத்தரவு உலர்த்திற்று.

யுத்தம் முடிந்து நியூரம்பர்க்கில் விசாரணை நடந்தபோது, இந்த உத்தரவையே டேனிட்ஸின்மேல் பெரிய குற்றமாகச் சாட்டினார்கள். அப்போதுதான் விமானம் குண்டு வீசிய கதையும் சபையேறியது. பசிபிக் சமுத்திரத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கையின்றித் தாக்கின என்று அமெரிக்கக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். நீதிபதிகள் டேனிட்ஸின் உத்தரவுகளை வன்மையாகக் கண்டித்தனர். ஆயினும், தப்பியவர்களைக் கொல்லும்படி அவர் ஆணையிட்டார் என்பது ஐயமற நிரூபணமாகவில்லை என்றனர். நீர்மூழ்கி யுத்த விதிகளை மீறியதற்காகத் தண்டனையைக் கூட்டவும் இல்லை. வேறு குற்றங்களுக்காக அவர் பத்து வருஷம் சிறையில் இருந்து 1956-ல் வெளியே வந்தார். குண்டு வீச உத்தரவிட்டவர்மேல் வழக்கு எதுவும் நடக்கவில்லை.

மாணாக்கர்களுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லும்போது, “இதில் யார் குற்றவாளி, ஸார்?” என்று கேட்கிறார்கள். தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. யுத்தக் கப்பல் ஒன்று செஞ்சிலுவைக் கொடியை விரித்தால் மாத்திரம் சட்டம் அதைக் காக்காது. தளத்திலிருந்த அதிகாரியோ தம்முடைய சிறு தீவையும், உதவிக்குச் செல்லும் நேசக் கப்பல்களையும் காக்கும் பொறுப்பில் இருந்தார். டேனிட்ஸுக்குத் தம் ஆட்களின் உயிர் கண்ணெதிரே நின்றது. இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா நியாயங்களையும் கூட்டிப் பார்த்தால், படகிலிருந்த குழந்தையின்மேல் குண்டு விழுந்திருக்கிறது.

இரக்கம் காட்டியவனுக்கு அடி விழுந்தால், அந்த அடி அவனோடு நிற்பதில்லை. பின்னால் மூழ்கப் போகும் ஒவ்வொரு கப்பலின் ஜனங்கள்மீதும் அது விழுகிறது. 1944 மார்ச்சு மாதத்தில் யு-852 என்ற கப்பலின் தளபதி எக் என்பவர், ‘பெலியஸ்’ என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தபின், மிதந்த தெப்பங்களின்மேல் யந்திரத் துப்பாக்கியால் சுடச் செய்தார். விமானங்கள் தம்மைக் கண்டுபிடிக்காமலிருக்கத் தடயத்தை அழித்ததாக அவர் வாதித்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1945 நவம்பர் 30-ந் தேதி அவரும் வேறு இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தண்டனை நியாயமே. அஞ்சியவன் எவ்வளவு தூரம் இறங்குவான் என்பதற்கு எக் ஒரு சாட்சி. அதே ஆபத்தை அறிந்தும் கை நீட்டியதற்கு ஹார்ட்டென்ஸ்டைன் ஒரு சாட்சி.

அவருடைய முடிவையும் சொல்ல வேண்டும். குண்டு வீச்சுக்கு மூன்றாம் நாளே அவர் ‘குவிபெக் சிட்டி’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தார். தொழில் தொழில்தான்! 1943 மார்ச்சு 8-ந் தேதி, பார்பேடோஸ் தீவுக்குக் கிழக்கே, அமெரிக்க ‘காடலினா’ விமானம் ஒன்று யு-156 மீது குண்டுகளைப் போட்டது. கப்பல் பிளந்து மூழ்கியது. நீரில் சிலர் தத்தளிப்பதை விமானத்தில் இருந்தவர்கள் கண்டார்கள். உடனே தங்களிடமிருந்த ரப்பர்த் தெப்பங்களையும் உணவையும் கீழே போட்டார்கள். ஐந்து பேர் ஒரு தெப்பத்தில் ஏறுவதும் தெரிந்தது. பின்னர் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் அந்தப் பக்கமெல்லாம் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை. ஹார்ட்டென்ஸ்டைன் உட்பட ஐம்பத்து மூன்று பேரும் மாண்டனர்.

படைச்செருக்கைப் பாடிய வள்ளுவர், பகைவனோடு அஞ்சாது பொருவதை ஆண்மை என்றார். அப்பகைவனுக்கு ஓர் இடுக்கண் வந்தபோது அவனுக்கு உதவுவதையே அந்த ஆண்மையின் கூர்மை என்றார். அந்த உதவியை அவர் வீரனிடத்திலேயே எதிர்பார்த்தார் என்பது கவனிக்கத் தக்கது. வானத்திலிருந்து ரப்பர்த் தெப்பத்தைத் தள்ளிவிட்ட அமெரிக்க விமானிகள், தாங்கள் மூழ்கடித்தது எந்தக் கப்பல் என்று அப்போது அறியமாட்டார்கள். லக்கோனியாவின் கடன் தீர்ப்பதாக அவர்கள் நினைத்திருக்கவும் முடியாது. கீழே மனிதர்கள் நீந்துவதைக் கண்டார்கள். கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். உத்தரவுகளும் உடன்படிக்கைகளும் தோற்றுப்போன அந்தக் கடலில், கடைசியில் மிஞ்சியது அவ்வளவுதான். அதுவும் இல்லாவிட்டால் யுத்தத்துக்கும் கசாப்புக்கும் வேற்றுமை என்ன என்று நேயர்களே சொல்லுங்கள்.