சித்திரத்தின் ஸ்தலம் எது?

செப்புத் தகட்டில் அமிலத்தைக் கொண்டு பொறித்து, காகிதத்தில் அச்சிட்டு, பின்னர் கையால் வர்ணம் தீட்டப்பெற்ற பழைய நிலக்காட்சிச் சித்திரம் ஒன்று நம் பார்வைக்கு வருமானால், அதன் அடியில் கண்டிருக்கும் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு, இடம் தெரிந்துவிட்டதென்று திருப்தியடைவதே நம்மில் பெரும்பாலோரின் வழக்கமாயிருக்கிறது. அந்தப் பெயரைக் கடைசியிலும் மலையின் ரூபத்தை முதலிலும் பார்க்க வேண்டும் என்பதும், அவ்வாறு பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் தகுதி அந்த மலையடியில் வாழ்கிறவர்களுக்கே முதலில் உண்டு என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் சென்னையை விட்டுத் தென்னாட்டு யாத்திரைக்குக் கிளம்பியது 1792ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில். அதாவது, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலும் சேலம் சீமையும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு மாறிச் சில வாரங்களே கழிந்திருந்த சமயத்தில். யுத்தம் நடந்த துர்க்கங்கள் பலவற்றைப் பார்த்து வரைந்துகொண்டு திருநெல்வேலிச் சீமை வரை சென்ற அவர்கள், தாய்நாடு திரும்பிய பின், 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியிட்ட 144 சித்திரங்கள் கொண்ட ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெருந்தொகுப்பில் எங்கள் சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்து ராயக்கோட்டையும் வீரபத்திர துர்க்கமும் ஜெகதேவியும் இடம் பெற்றிருக்கின்றன.

அந்தத் தொகுப்பிலேயே, அடியில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு நல்ல எச்சரிக்கையும் இருக்கிறது. கன்னியாகுமரி என்று தலைப்பிட்டு, களக்காட்டுக்கு அருகிலிருந்து வரைந்தது என்ற குறிப்பையும் சேர்த்திருக்கும் படத்தில், முக்கடலைத் தேடுகிறவன் காண்பது மலையைத்தான். களக்காடோ மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குமரி முனைக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊர். லண்டன் வாசகருக்குத் தெரிந்த பெயர் முன்னே நிற்க, ஓவியர்கள் நின்ற ஊரின் பெயர் பின்னே ஒதுங்கிவிட்டது.

ஓவியர் நின்ற ஸ்தலத்தை நிச்சயம் செய்வதற்கு மலைகளே போதுமான சாட்சி. அருகிலுள்ள சிறு குன்றின் முனை, பின்னாலிருக்கும் பெரிய மலையின் எந்தச் சரிவை மறைக்கிறது என்று சித்திரத்தில் குறித்துக்கொண்டு, அதே மறைப்பு அதே அளவில் தெரியும்படி வயல் வரப்பில் நகர்ந்து நகர்ந்து நின்று பார்த்தால், நிற்கக்கூடிய இடம் ஒரே கோட்டில் அடங்கிவிடும். வேறொரு குன்றையும் மலையையும் சேர்த்து அவ்விதமே பார்த்தால் இரண்டாவது கோடு கிடைக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமே ஓவியர் நின்ற இடம். டேனியல்கள் காட்சியைக் கண்ணாடி வழியே காகிதத்தில் விழச் செய்யும் இருட்டுப்பெட்டியைத் துணைக்கொண்டு வரைந்தவர்களாதலால், அவர்களுடைய மலைக்கோடுகளை இவ்வாறு சோதிப்பது வீண் வேலையாகாது. முன்புறத்து மரங்களையும் மனிதர்களையும் மட்டும் நம்பக் கூடாது. அழகுக்காகச் சேர்த்தவை பல இருக்கும். தகட்டில் பொறித்தது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பொறிப்பவர் முன்கூட்டியே திருப்பி வரையாத படங்களில் கிழக்கு மேற்காகிவிடும்.

இந்தச் சோதனையில் ஊர்க்காரன் கண்ணுக்கு நிகரான கருவி இல்லை. கஞ்சமலை சேலத்துப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு ரூபமாகவும், இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வேறொரு ரூபமாகவும் காட்சி தருவது. எங்கள் ஜலகண்டாபுரத்தில் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து மேற்கே பாலமலையையும் கிழக்கே சேர்வராயனையும் ஆயுள் முழுதும் பார்த்த ஒருவர், பெயரில்லாத படத்தைக் கையில் கொடுத்தாலும், எந்தத் திசையிலிருந்து வரைந்தது என்று கணத்தில் சொல்லிவிடுவார். 1990களில் அந்தோணியோ மார்ட்டினெல்லி என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞர் டேனியல்கள் சென்ற வழியைத் தேடிச் சென்று அதே காட்சிகளைப் படமெடுத்தார். போற்றத்தக்க அந்த உழைப்பை நம்மவர்கள் ஊர் ஊராகத் தொடர்ந்திருக்க வேண்டும். தொடரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் நீருக்குள் காவிரிக் கரையின் பழைய ஊர்கள் போய்விட்டன. வறட்சியில் நீர் இறங்கும் வருஷங்களில் பண்ணவாடி ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தலைகாட்டும்போது கூட்டம் கூடிப் பார்க்கிறது. ஆனால் அணைக்கு முன் அங்கிருந்த கரையையும் கழனியையும் எவராவது வரைந்து வைத்திருந்தால், அவர் நின்ற இடத்தில் இன்று நாம் போய் நிற்க முடியாது. அணையாவது உழவுக்கு நீர் தந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கருங்கல் குவாரிகள் குன்றுகளை அடியோடு அறுத்து எடுக்கின்றன. எந்த மலைக்கோட்டைக் கொண்டு சித்திரத்தின் இடத்தை அறிய வேண்டுமோ, அந்தக் கோடே அழிந்துகொண்டு போகிறது.

ஆகையால், சேலம், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்கள் இந்தச் சித்திரங்களின் பெரிய பிரதிகளை அந்தந்தப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் பெயரை மறைத்து மாட்டி, ஊராரின் அடையாளத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நிச்சயமான இடங்களில் ஒரு கல் நட்டு, அங்கிருந்து இன்றைய காட்சியையும் படமெடுத்து வைக்க வேண்டும். அந்தக் காட்சிக்குள் வரும் எந்தக் குன்றிலும் குவாரிக்கு அனுமதி கேட்டு மனு வந்தால், மாவட்ட நிர்வாகம் இந்த இரண்டு படங்களையும் எதிரே வைத்துக்கொண்டுதான் அதைப் பரிசீலிக்க வேண்டும்.