எமர்சன் படித்த கீதை, நாம் படிக்காத கீதை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

"அமெரிக்க இலக்கியமே நம் வேதத்திலிருந்து வந்ததுதான். பெருமையுடன் பகிருங்கள்." இந்த வாரம் மட்டும் இந்தச் செய்தியை எனக்கு மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்கள் எல்லாம் என் பிள்ளைகள்தான், கோபமில்லை. ஆனால் இது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்ல வேண்டியது வாத்தியார் கடமை.

முதலில் உண்மையான பாதி. 1785-இல் சார்லஸ் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி ஊழியர் கீதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்த நூல் கடல் கடந்து, அமெரிக்காவில் பாஸ்டன் அருகே கான்கார்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த எமர்சன் கைக்குப் போனது. 1857-இல் அவர் 'பிரம்மா' என்ற தலைப்பிலேயே ஒரு கவிதை வெளியிட்டார். ஆன்மா கொல்வதுமில்லை, கொல்லப்படுவதுமில்லை என்று கீதையும் கட உபநிடதமும் சொல்கிறதே, அந்தக் கருத்துதான்.

அதே ஊர்க்காரர் தோரோ 1845-இல் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்தார். காலையில் கீதை படிப்பதைப் பற்றி 'வால்டன்' நூலில் எழுதியிருக்கிறார். அந்த வட்டாரத்துக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி அப்போது கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பார்த்திருப்பீர்களே, ஐஸ் ஹவுஸ், அது இந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியதுதான். இங்கிருந்து கீதை போனது, அங்கிருந்து ஐஸ் வந்தது! தன் குளத்து நீர் கங்கையோடு கலப்பதாகத் தோரோ எழுதியதும் இதை வைத்துத்தான்.

இனி யாரும் பகிராத பாதி. தோரோ கீதையை வானளாவப் புகழ்ந்தார். ஆனால் 1849-இல் வந்த தன் முதல் நூலில், அர்ச்சுனன் போரிட வேண்டும் என்பதற்குக் கண்ணன் சொல்லும் காரணம் போதவில்லை என்றும் எழுதினார். மதிப்பும் இருந்தது, கேள்வியும் இருந்தது. என் வகுப்பில் அப்படி ஒரு மாணவன் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அநியாய அரசுக்கு வரி கட்ட மறுப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தம் இதழில் வெளியிட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, விட்மன். 1856-இல் தோரோ அவரை நேரில் சந்தித்து, கீழை நாட்டு நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை, அவற்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் விட்மன். முதுமையில் அவரே பழைய இந்துக் கவிதைகளைப் படித்ததாகவும் எழுதினார். ஒரே மனிதர் விஷயத்திலேயே இவ்வளவு சிக்கல் இருக்கும்போது, எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா?

சரி, இதில் நம் புதுச்சேரிக்கு என்ன பங்கு? நிறைய உண்டு. 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதி, கீதையைத் தமிழில் பெயர்த்தவர். அவரே விட்மனையும் படித்தார். எதுகை, மோனை, தளை இல்லாமல் வசனம் போல எழுதும் அமெரிக்கக் கவி என்று தமிழருக்கு அறிமுகப்படுத்தினார். தானும் வசன கவிதை எழுதினார். ஞாயிற்றையும் காற்றையும் அவர் அழைக்கும் இடங்களில் வேதப் பாடலின் சாயலும் தெரியும், விட்மனின் துணிச்சலும் தெரியும். இதே ஊரில் அரவிந்தரும் 1917 முதல் 'ஆர்யா' இதழில் எழுதிய கவிதை பற்றிய தொடரில் விட்மனை விரிவாகப் பேசினார்.

கொடுப்பதும் வாங்குவதும் நம் கரைக்குப் புதிதல்ல. பக்கத்து அரிக்கமேட்டில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. மணிகள் செய்த பட்டறைகளின் தடயமும் கிடைத்தது. வாங்கியதால் நம்மவர்கள் குறைந்து போய்விடவில்லை.

என் கருத்து இதுதான். வெள்ளைக்காரர் பாராட்டியதால் கீதை பெரிது என்று நினைப்பது பெருமை அல்ல, தாழ்வு மனப்பான்மை. எமர்சனும் தோரோவும் பாரதியும் அடுத்தவர் நூலைத் திறந்து படித்தார்கள், கேள்வி கேட்டார்கள், பிறகு தமக்கென்று ஒன்றை எழுதினார்கள். நாம் அட்டையைக்கூடத் திறக்காமல் பகிர்கிறோம். பாரிசிலும் நியூஜெர்சியிலும் வளரும் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு நாள் வகுப்பில், "உங்கள் கீதையில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். "எமர்சன் பாராட்டினார்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். பாரதியின் கீதை மொழிபெயர்ப்பில் ஓர் அத்தியாயம், அவருடைய வசன கவிதையில் சில பக்கங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து சத்தம் போட்டுப் படியுங்கள். பிடித்தது ஒன்று, ஒப்புக்கொள்ள முடியாதது ஒன்று, இரண்டையும் கீழே தமிழில் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, திருத்தித் தர நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், வீராம்பட்டினம்