இந்த வருஷமும் போச்சு!

6-1.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டொரோண்டோவில் முடிந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் ஸ்கோர் இது. ஆறு கோல் போட்டது ஃப்ளோரிடா பாந்தர்ஸ். ஒரே ஒரு கோல் போட்டது எங்கள் ஊர் மேப்பிள் லீஃப்ஸ். அதுவும் சொந்த மைதானத்தில், வாழ்வா சாவா என்கிற ஏழாவது ஆட்டத்தில். மறுநாள் விக்டோரியா தின விடுமுறை என்பதால் ஊரில் நிறைய பேர் வாணவேடிக்கைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் அதைக் கொளுத்தினவர்களும், வாங்கியாச்சே என்று கொளுத்தின மாதிரிதான் இருந்தது.

'ஐஸ் ஹாக்கி நமக்கெதுக்கு?' என்று விரலால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். சி.எஸ்.கே. 2025-ல் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்ததே, அந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கு இருந்தது இல்லையா? அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். சி.எஸ்.கே. ரசிகருக்கு ஆறுதலாக ஐந்து கோப்பையாவது அலமாரியில் இருக்கிறது. பதினெட்டாவது வருஷமாகக் காத்திருந்த பெங்களூரு ரசிகர்கள் 2025-லும் 'ஈ சாலா கப் நம்தே' சொன்னார்கள். அந்த முறை ப்ளே-ஆஃபுக்குள் வேறு வந்துவிட்டார்கள். ஆனால் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1967-ல். தமிழ்நாட்டில் அண்ணா முதலமைச்சரான வருஷம்!

அப்போது என்.எச்.எல். என்கிற இந்த லீக்கில் இருந்தது மொத்தமே ஆறு அணிகள். இப்போது 32. அந்த 1967-க்குப் பிறகு லீஃப்ஸ் இறுதிச் சுற்றுக்குக்கூடப் போனதில்லை.

(இங்கிலீஷ் டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை. இலையின் பன்மை 'லீவ்ஸ்'தான். ஆனால் 1927-ல் வைத்த பெயர் 'லீஃப்ஸ்'. அது அப்படியே நின்றுவிட்டது. திருத்தி எனக்கு மெயில் அனுப்ப வேண்டாம்.)

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு நிமிஷம். 2024-25 சீசனில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம். 32-ல் 16 அணிகள் ப்ளே-ஆஃபுக்குப் போகும். அங்கே நான்கு சுற்று. ஒரு சுற்று முழுக்க ஒரே எதிரிதான். யார் முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கிறார்களோ அவர்கள் மேலே போவார்கள். 3-3 என்று சமமாக நின்றால் ஏழாவது ஆட்டம். ஐ.பி.எல். மாதிரி ஒரு ராத்திரியில் அழுது முடித்துவிடலாம் என்கிற வசதி இதில் இல்லை. இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் உங்களை உட்கார வைத்து, நம்பிக்கை கொடுத்து, பிடுங்கி, மறுபடி கொடுத்து, கடைசியில் மொத்தமாகப் பிடுங்குவார்கள்.

இந்தத் தடவை எப்படி நடந்தது என்று பாருங்கள். முதல் ஆட்டம் 5-4, ஜெயித்தோம். இரண்டாவது 4-3, அதுவும் நாங்கள்தான். எதிரி யார்? போன வருஷத்து சாம்பியன்! அவர்களையே 2-0 என்று பின்னால் தள்ளியாகிவிட்டது. ஸ்கார்பரோ பக்கம் கார்களில் நீலக்கொடி முளைத்துவிட்டது. மூன்றாவது ஆட்டத்தில் 3-1 என்று முன்னால் இருந்தோம். அதை மட்டும் பிடித்திருந்தால் 3-0. பிடிக்கவில்லை. கூடுதல் நேரத்தில் 5-4 என்று போனது. நாலாவது 2-0, தோல்வி. ஐந்தாவது சொந்த ஊரில் 6-1, தோல்வி. சரி, முடிந்தது என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டபோது, ஆறாவது ஆட்டத்தில் அவர்கள் ஊருக்கே போய் 2-0 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள்.

எனக்கு அந்த ஆறாவது ஆட்டத்தின் மேல்தான் கோபம். அதில் தோற்றிருந்தால் வெள்ளிக்கிழமையே துக்கம் முடிந்திருக்கும். ஜெயித்து, 'எங்களால் முடியும்' என்று காட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் வைத்து 6-1 வாங்கினால் என்ன அர்த்தம்? இரண்டாம் பகுதியில் மட்டும் மூன்று கோல் விட்டார்கள். சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். சிலர் ஜெர்சியைக் கழற்றி ஐஸில் வீசினார்கள். வீசினது தப்பு என்று மறுநாள் டி.வி.யில் பெரியவர்கள் புத்தி சொன்னார்கள். அந்த ஜெர்சி என்ன விலை, இந்தக் கடைசிக்கட்ட ஆட்டங்களுக்கு டிக்கெட் என்ன விலை என்று தெரிந்தவர்கள் அவ்வளவு சுலபமாகப் புத்தி சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்தப் பட்டியலைச் சொல்லியே ஆக வேண்டும். 2013, 2018, 2019, 2021, 2022, 2024, 2025. ஏழு வருஷம், ஏழு ஏழாவது ஆட்டம், ஏழிலும் தோல்வி. கடைசியாக ஒரு ஏழாவது ஆட்டத்தை ஜெயித்தது 2004-ல். இடையில் 2020-ல் கொரோனா காலத்துக் குட்டித் தொடரில், ஐந்தாவது ஆட்டம் முடிவு ஆட்டமாக வந்தது. அதையும் விட்டுவைக்கவில்லை, கொலம்பஸிடம் 3-0.

இதில் 2013 தனி ரகம். பாஸ்டனில் நடந்தது. மூன்றாம் பகுதி, அதாவது கடைசி இருபது நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. 4-1 என்று லீஃப்ஸ் முன்னால். பாஸ்டன் ஒரு கோல் போட்டு 4-2. கடைசியில் தங்கள் கோல்கீப்பரையே வெளியே கூப்பிட்டுக்கொண்டு, காலி கோலோடு ஆறாவது ஆளை முன்னால் இறக்கினார்கள். ஆட்டம் முடிய 1 நிமிஷம் 22 வினாடி இருக்கும்போது ஒன்று. 51 வினாடி இருக்கும்போது இன்னொன்று. 4-4. கூடுதல் நேரத்தில் பாட்ரிஸ் பெர்ஜரான் அடித்தது ஐந்தாவது. இங்கே இன்றைக்கும் எந்த விருந்தில் போய் 'ஃபோர் ஒன்' என்று மட்டும் சொல்லுங்கள், யாராவது ஒருத்தர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிடுவார்.

பாஸ்டனில் அன்றைக்கு பிராட் மார்ஷாண்ட் என்று ஒருத்தர் ஆடினார். 2018, 2019, 2024 என லீஃப்ஸை ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் வெளியே அனுப்பிய ஒவ்வொரு தடவையும் அவர் இருந்தார். 2025 மார்ச்சில் அவரை பாஸ்டன் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது என்று செய்தி வந்தபோது எங்கள் ஊரில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எந்த அணிக்கு? ஃப்ளோரிடாவுக்கு! மூன்றாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்துக் கோலை அடித்ததும் அவரேதான். சனிப்பெயர்ச்சி பலன் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும் இந்த மனுஷரின் ஜாதகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதிர்ஷ்டம், சாபம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த லீக்கில் ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. 2024-25 சீசனில் அது 88 மில்லியன் டாலராக இருந்தது. லீஃப்ஸில் ஆஸ்டன் மேத்யூஸுக்கு 13.25, வில்லியம் நைலாண்டருக்கு 11.5, ஜான் டவாரஸுக்கு 11, மிட்ச் மார்னருக்கு சுமார் 10.9 மில்லியன். கூட்டிப் பாருங்கள். நாலு பேருக்கே பாதிக்கு மேல் போய்விட்டது. நாலு பேரும் முன்னணியில் நின்று கோல் போடுகிறவர்கள். மிச்சத்தில்தான் கோல்கீப்பர், தடுப்பாட்டக்காரர்கள், மற்ற எல்லோரும். கல்யாண பட்ஜெட்டில் பாதியை மேடை அலங்காரத்துக்குக் கொடுத்துவிட்டு, பந்தியில் மூன்றாவது வரிசைக்குச் சாம்பார் இல்லை என்று நிற்கிற கதை.

82 ஆட்டத்தில் அந்த அலங்காரம் ஜொலிக்கும். 2024-25 சீசனில் 108 புள்ளியோடு தங்கள் பிரிவில் முதலிடம். ஏப்ரல் வந்ததும் ஆட்டமே வேறாகிவிடும். இடிப்பார்கள், நெருக்குவார்கள், பக்கைத் தொட விட மாட்டார்கள். நடுவர்களும் சின்னத் தப்புகளுக்கு விசிலை வாயில் வைக்க மாட்டார்கள். அப்போது மூன்றாவது வரிசை, நாலாவது வரிசை ஆட்டக்காரர் யார் என்பதுதான் கணக்கு. ஃப்ளோரிடாவுக்கு அந்த வரிசைகள் இருந்தன. சொந்த ஊரில் 6-1 வாங்கிய இரண்டு ஆட்டத்திலும் லீஃப்ஸுக்கு அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் இந்த நாலு பேரில் ஒருவர்கூட இல்லை.

இது ஒரு வருஷத்து விஷயமாக இருந்தால் மன்னித்துவிடலாம். பயிற்சியாளரை மாற்றினார்கள், மானேஜரை மாற்றினார்கள், மறுபடி பயிற்சியாளரை மாற்றினார்கள். 2025 மே வரை அந்த நாலு பெயர் மட்டும் மாறவில்லை. பதினோரு வருஷம் தலைவராக இருந்த பிரெண்டன் ஷானகனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள். அரங்கத்தில் இருக்கை காலியாகிறதா என்றால் இல்லை. சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். தோற்றாலும் கடை நிறைகிற வியாபாரத்துக்கு அவசரம் என்ன?

மார்னரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் நம் தமிழர்கள் நிறைய இருக்கிற மார்க்கமில் பிறந்தவர். சின்ன வயதில் இதே லீஃப்ஸுக்குக் கைதட்டின பையன். அந்த வாரம் மொத்த ஊரும் அவரைத்தான் திட்டியது. 2025 ஜூலை 1-ல் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது, போனால் சனியன் விட்டது என்றார்கள். ஆட்டத்தை விமர்சியுங்கள், சம்பளத்தை விமர்சியுங்கள். அந்தச் சம்பளத்தை அவருக்குக் கொடுத்து, அதே நாலு பேரை வைத்தே வருஷா வருஷம் மறுபடி முயற்சி செய்தது அவரில்லையே.

எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை காலை வேலியோரம் நின்று தக்காளிக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கக் கூடாதுதான், கேட்டேன்.

"பிள்ளை, நான் 87-ல வந்து இறங்கினனான். அப்பவே இவங்கள் கப் எடுத்து இருபது வருஷம். சனிக்கிழமை இரவில வேலைக்குப் போகாத நாளெல்லாம் இதைத்தான் பாத்தன். இங்கிலீஷ் படிச்சதே இதைக் கேட்டுத்தான்" என்றார்.

பிறகு குழாயை மூடிவிட்டு அவர் கேட்டதுதான் என்னை நாலு நாளாகத் தொந்தரவு செய்கிறது. "பேரனுக்கு வாற மாசம் ஆறு வயசு. லீஃப்ஸ் ஜெர்சி வேணுமாம். மகன் சொல்றான், வாங்கிக் குடுக்காதேங்கோ அப்பா, எங்களோட இந்த வருத்தம் முடியட்டும் எண்டு. நீங்கள் சொல்லுங்கோ, வாங்கட்டோ, விடட்டோ?"

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொத்து எழுதி வைக்கிறோம், மொழி சொல்லிக் கொடுக்கிறோம், சரி. 58 வருஷத்து ஏமாற்றத்தையுமா எழுதி வைப்பது? ஆனால் அந்தக் குழந்தைக்கு வேறு எந்த அணி ஜெர்சியை வாங்கிக் கொடுப்பது? ஃப்ளோரிடாவா? பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் நீலத்தில் வரும்போது இவன் மட்டும் சிவப்பில் போய் நிற்பானா? வாங்கிக் கொடுங்கள் அண்ணை என்றேன். முதுகில் யார் பெயரும் அச்சடிக்காமல் வாங்குங்கள், அடுத்த வருஷம் யார் இருப்பார்கள் என்று தெரியாது என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தார்.

எங்கள் வீட்டில் பதினாலு வயசு மகன் வேறு மாதிரி. ஏழாவது ஆட்டம் முடிந்ததும் எதுவும் பேசவில்லை. ஜெர்சியை மடித்து, பழைய துணி கொடுக்கிற பையில் வைத்துவிட்டான். "இனிமே ஹாக்கியே பார்க்க மாட்டேன்மா, ப்ராமிஸ்" என்றான். அவன் அப்பா ராத்திரி சத்தமில்லாமல் அதை எடுத்து அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றிவிட்டார்.

அதற்குள் ஊரில் புதுச் சர்ச்சை. 2025-ன் அரையிறுதி மாதிரியான மூன்றாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஃப்ளோரிடாவும் கரோலினாவும், இன்னொரு பக்கம் டாலஸும் எட்மன்டனும். எட்மன்டன் கனடா அணி. 1993-ல் மாண்ட்ரியல் வாங்கியதற்குப் பிறகு, 2025 வரை ஸ்டான்லி கோப்பை எந்தக் கனடா அணிக்கும் கிடைக்கவில்லை. அதனால் நாட்டுப்பற்றோடு எல்லோரும் எட்மன்டனுக்குக் கைதட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. முடியவே முடியாது என்று இன்னொரு கட்சி. எங்கள் வீட்டுக்காரர் இரண்டாவது கட்சி. அண்ணையும் அதேதான். "பக்கத்து வீட்டுப் பிள்ளை பாஸ் பண்ணினா எங்கட பிள்ளைக்கு மார்க் கூடுமோ?" என்று கேட்கிறார்.

மகன் மட்டும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் எட்மன்டன் ஆட்டம் பார்க்கிறான். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டுதான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.