பழைய பந்தயக் கார்: எதை மாற்றலாம், எதை மறைக்கக்கூடாது?

எனது பத்திரிகை வாழ்க்கையின் பெரும்பகுதி அரசியலோடும் நீதிமன்றங்களோடும் கழிந்தது. விளையாட்டுப் பக்கத்துக்கு நான் எழுதியவை மிகச் சில. எனவே பந்தயக் கார்களைப் பற்றி இன்று நான் எழுதுவது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் இங்கிலாந்தில் வசிக்கும் என் தங்கையின் மகன். பொறியியலாளனான அவன், பழைய ஒற்றை ஆசனப் பந்தயக் கார் ஒன்றை வாங்கிவிட்டு என்னிடம் ஒரு யோசனை கேட்டான்.

அது போர்முலா போர்ட் வகையைச் சேர்ந்த கார். 1967 ஜூலையில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹட்ச் ஓடுபாதையில் இவ்வகைப் போட்டி ஆரம்பமானது. வசதி குறைந்த இளைஞரும் பந்தயத்தில் இறங்க வேண்டும், ஆயிரம் பவுணுக்குள் ஒரு கார் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். உருக்குக் குழாய்களை ஒட்டிச் செய்த சட்டகம், சாதாரண போர்ட் காரின் எஞ்சின், ஒடுங்கிய சில்லுகள், சிறகுகள் கிடையா. பிரேசிலிலிருந்து வந்த எமர்சன் ஃபிட்டிபால்டி 1969இல் இத்தகைய காரில் ஓடிப் பெயர் பெற்றார். மூன்றே ஆண்டுகளில், 1972இல், போர்முலா வன் உலக சம்பியனானார்.

இன்று பிரித்தானியாவில் 1972க்கு முன்னர் தயாரிக்கப்பட்ட போர்முலா போர்ட் கார்களுக்கெனத் தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றில் கலந்துகொள்ளக் கார் பழையதாக இருந்தால் மட்டும் போதாது. அன்றைய வடிவிலும் இருக்க வேண்டும். இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. பந்தயக் கார் அரும்பொருட் காட்சியகத்தில் வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. அடுத்த வாரம் வெல்வதற்காகச் செய்யப்பட்டது. மோதினால் வெட்டி ஒட்டுவார்கள். பழசானால் பெரிய எஞ்சினையும் அகன்ற சில்லுகளையும் பொருத்தி வேறு வகுப்பில் ஓட்டுவார்கள். மருமகன் வாங்கிய காருக்கும் இதுவே நேர்ந்திருந்தது. சிறகுகளைக் கழற்றி, சில்லுகளை மாற்றி, சரியான எஞ்சினைத் தேடி, உருக்குப் பாகங்களில் வெடிப்பு உண்டா என்று காந்த முறையில் சோதித்துப் பார்க்கவே அவனுக்கு ஒரு குளிர்காலம் போயிற்று.

வர்ணத்தைச் சுரண்டியபோது இன்னொன்றும் தெரியவந்தது. சட்டகத்தின் முன்பாதிக் குழாய்கள் பின்பாதியைவிடப் புதியவை. இலக்கத் தகட்டின் ஆணிகளும் புதியவை. விற்றவர் "அந்தக் காலத்துச் சட்டகம், அப்படியே இருக்கிறது" என்று சொல்லியே விற்றிருந்தார்.

மருமகன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, வர்ணம் பூசிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இதை நான் ஏன் எழுதிவைக்க வேணும்?"

பழைய வழக்கு ஒன்றை அவனுக்கு நினைவூட்டினேன். 1929இலும் 1930இலும் லு மான் போட்டியில் வென்ற பென்ட்லி கார் பற்றிய வழக்கு அது. பின்னர் அக்கார் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டது. 1990இல் அது ஒரு கோடி பவுண் அளவில் விலை பேசப்பட்டபோது, இது உண்மையான கார்தானா என்ற கேள்வி லண்டன் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. லு மானில் ஓடிய பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. ஆயினும் அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை. எப்போது, எதற்காக, எது மாற்றப்பட்டது என்பதைத் தொடர்ந்து காட்ட முடிந்தது. ஆகவே அந்தப் பெயருக்கு அது உரியதே என்று நீதிபதி தீர்ப்பளித்தார். இரும்பு போனாலும் பதிவு இருந்தால் கார் பிழைக்கும் என்பதே இத்தீர்ப்பிலிருந்து நான் பெறும் பாடம். பதிவில் பொய் கலந்தால், இரும்பு முழுவதும் இருந்தும் பயனில்லை.

எதையும் மாற்றக்கூடாது என்று வாதிடும் தூய்மைவாதிகளும் உளர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1960களின் ஆரம்பத்தில் பந்தய ஓட்டுநர்களில் பெரும்பாலானோர் ஆசனப் பட்டி அணிந்ததில்லை. எரியும் காரில் அகப்படுவதைவிட வெளியே எறியப்படுவது மேல் என நம்பினர். அந்த நம்பிக்கையையும் நாம் பாதுகாக்க வேண்டுமா? 2014 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் நடந்த பழங்கார்ப் போட்டியொன்றில் லோட்டஸ் 18 கார் கவிழ்ந்து அதன் ஓட்டுநர் உயிரிழந்தார். கார் பழையதென்பதற்காக ஓடுபாதை இரக்கம் காட்டுவதில்லை. தலைக்கவசத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் பாதுகாப்பு வளையம், பல முனைப் பட்டி, கிழியாத எரிபொருட் பை, தீயணைப்பான் ஆகியவற்றைப் பொருத்துவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமல்ல. அவை கண்ணுக்குத் தெரிபவை; எவரையும் ஏமாற்றுவதில்லை. மாற்றியதை மறைப்பதே துரோகம்.

மறைப்பதில் உயிராபத்தும் உண்டு. எந்தக் குழாய் எப்போது ஒட்டப்பட்டது என்பதை அறியாமல் அடுத்து வாங்குபவர் அதே காரில் அதே வேகத்தில் வளைவுக்குள் நுழைவார். மருமகனுக்கு நான் இறுதியாகச் சொன்னது இதைத்தான். அவன் வெட்டிய இடங்களையும் ஒட்டிய இடங்களையும் படமெடுத்து, முன்பாதி புதியது என்று எழுதிக் காரின் கோப்பில் சேர்த்துவிட்டான். விற்கும்போது விலை குறையும் என்பது அவனுக்குத் தெரியும்.

இது ஆங்கிலேயரின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு போர்முலா மாருதி என்ற ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 2005இல் போர்முலா வன்னில் ஓடிய நரேன் கார்த்திகேயன் தமது ஆரம்பகாலப் பந்தயங்களை ஓடியது அக்கார்களில்தான். கரிவரதன் 1995இல் மறைந்துவிட்டார். அவருடைய கார்களும் பழங்கார்களாகும் வயதை எட்டிவிட்டன. எந்தச் சட்டகத்தை யார் ஓட்டினார், எது எங்கே உடைந்தது, எது இன்று எவருடைய கொட்டிலில் கிடக்கிறது என்பதை அவற்றைத் தொட்டு வேலை செய்த மெக்கானிக்குகள் உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். அவர்கள் போன பிறகு எவரும் எந்தத் தகட்டையும் எந்தக் காரிலும் அறையலாம். பொய்யென்று சொல்ல ஆள் இருக்காது.