செல்போன் காட்சிக்குப் பொதுப்பாதை வேண்டும்

பவர் டில்லர் வாங்க நினைக்கும் சிறு விவசாயி, அதைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கட்ட மாட்டார். விலைப் பட்டியலில் அச்சடித்த படம் அவருக்குப் போதாது. கொட்டகை வாசலில் நுழையுமா, குறுகிய வயலில் திரும்புமா, கியர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எப்படி இருக்கும் என்பவைதான் அவருடைய கேள்விகள். அந்த இயந்திரம் அவர் வீட்டுக் களத்திலேயே, அதன் சொந்த அளவில் நிற்பதுபோல் செல்போன் திரையில் காட்டும் வசதி இன்று இருக்கிறது. காமிரா காட்டும் களம் மெய். அதன்மேல் நிற்கும் டில்லர் வெறும் உருவம். இதை ஏ.ஆர். என்கிறார்கள். கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவி மூலம் சுற்றுப்புறத்தை மறைத்து வேறோர் இடத்தையே காட்டுவது வி.ஆர்.

இவ்வசதி எந்த வாசல் வழியாக விவசாயியிடம் வருகிறது என்பதே இங்கு முக்கியம். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு செயலி போட்டு, அதை இறக்கிக்கொள், பெயரைப் பதிவு செய் என்று கேட்பது ஒரு வழி. நாலு கம்பெனி டில்லரை ஒப்பிட்டுப் பார்க்க நாலு செயலி வேண்டும். குறைந்த விலை செல்போனில் அதற்கு இடம் ஏது? மற்றொரு வழி பிரவுசர். அது செல்போனில் ஏற்கெனவே இருக்கிறது. முகவரியைத் தட்டினால் காட்சி வரும், பார்த்துவிட்டு மூடிவிடலாம். சிறு விவசாயிக்கு ஏற்றது இந்த இரண்டாவது வழியே.

பிரவுசருக்கு இந்த ஆற்றல் தானாக வந்துவிடவில்லை. 2014ல் மொசில்லா நிறுவனத்தில் விளாடிமிர் வுகிசெவிச் என்ற பொறியாளர் இதற்கான முயற்சியைத் தொடங்கினார். கூகுள் பொறியாளர்களும் சேர்ந்துகொள்ள, 2016 மார்ச்சில் வெப்வி.ஆர். என்ற விதிமுறையின் வரைவு வெளியாயிற்று. பின்னர் ஏ.ஆரையும் சேர்த்து அதை வெப்எக்ஸ்.ஆர். என விரிவாக்கினர். இணையத்துக்குப் பொது விதிகள் வகுக்கும் டபிள்யு.3.சி. அமைப்பு 2018ல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. குரோம் பிரவுசரில் வி.ஆர். வசதி 2019 டிசம்பரிலும், ஏ.ஆர். வசதி 2020 ஏப்ரலிலும் இடம்பெற்றன. டபிள்யு.3.சி. வகுக்கும் விதிகளைப் பயன்படுத்த யாரும் காப்புரிமைக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

கம்பெனியின் சொந்தப் பாதையை நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கூகுள் 2016ல் டேட்ரீம் என்ற வி.ஆர். கருவியை விற்றது, 2019ல் கைவிட்டது. மைக்ரோசாப்ட் தன் விண்டோஸில் 2017ல் சேர்த்த வி.ஆர். ஏற்பாட்டை 2024ல் வந்த பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. கம்பெனி மூடிய பிறகு பம்புசெட்டுக்கு உதிரிபாகம் தேடி அலைந்த விவசாயிக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பொதுப்பாதையிலும் மேடுபள்ளம் உண்டு. பழைய வெப்வி.ஆர். முறை பிரவுசர்களிலிருந்து நீக்கப்பட்டதால் அதை நம்பி எழுதிய பக்கங்களைத் திருத்த நேர்ந்தது. ஆனால் புதிய விதி எல்லோருக்கும் தெரிய வெளியிடப்பட்டிருந்தது. வி.ஆர். கருவிகளுக்கென மொசில்லா 2018ல் வெளியிட்ட ஃபயர்பாக்ஸ் ரியாலிட்டி பிரவுசரை 2022ல் அந்நிறுவனம் விட்டபோது, ஸ்பெயின் நாட்டின் இகாலியா நிறுவனம் அதை ஏற்று வோல்விக் என்ற பெயரில் தொடர்ந்தது. நிரல் திறந்து கிடந்ததால் அது முடிந்தது. பூட்டி வைத்த நிரலுக்கு இந்த மறுவாழ்வு கிடையாது.

ஆப்பிள் நிறுவனத்தின் போக்கு வேறு. கண்ணில் மாட்டும் தன் விலை உயர்ந்த கருவியின் சபாரி பிரவுசரில் 2024ல் வெப்எக்ஸ்.ஆருக்கு வழிவிட்ட அந்நிறுவனம், அதே ஆண்டில் ஐபோன் சபாரியில் அதை அனுமதிக்கவில்லை. ஐபோனுக்கு 2018லிருந்து தனக்கென ஒரு கோப்பு முறையை வைத்திருக்கிறது. ஆகவே கோவையில் சிறு பட்டறை வைத்துப் பம்பு செய்பவர் தன் பம்பை எல்லா செல்போனிலும் காட்ட விரும்பினால் ஒரே உருவத்தை இரண்டு விதமாகத் தயாரிக்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு செலவே இல்லை.

ஆண்டிராய்டு செல்போன் எல்லாவற்றிலும் ஏ.ஆர். ஓடிவிடும் என்றும் எண்ண வேண்டாம். செல்போனின் அசைவையும் திருப்பத்தையும் அளக்கும் உணரிகள் அதற்குத் தேவை. மலிவான செல்போன்கள் பலவற்றில் அவை முழுமையாக இருப்பதில்லை. எனவே பக்கம் தயாரிப்பவர்கள், ஏ.ஆர். ஓடாத இடத்தில் விரலால் திருப்பிப் பார்க்கும் முப்பரிமாண உருவத்தையும், அதுவும் ஓடாவிட்டால் சாதாரணப் படத்தையும் காட்டும்படி செய்ய வேண்டும். உருவக் கோப்பு இரண்டு மூன்று எம்.பி.க்குள் அடங்குவது நல்லது. தோட்டத்துக் கிணற்றடியில் சிக்னல் எப்படி இருக்கும் என்பது நகரத்தில் உட்கார்ந்து செய்பவருக்குத் தெரியாது.

ஏ.ஆர். மூலம் வாசல் அகலம் பார்க்கலாம், கொட்டகையில் இடம் போதுமா என்று பார்க்கலாம். நிலம் அளக்க அது உதவாது. தூரம் கூடக்கூடப் பிழையும் கூடும். வரப்புத் தகராறில் அதைச் சாட்சிக்கு இழுக்காமல் சர்வேயரைக் கூப்பிடுவதே மேல்.

காமிராவைப் பற்றிய அச்சம் நியாயமானது. பாதுகாப்பான முகவரியில் உள்ள பக்கம் மட்டுமே பிரவுசரில் இந்த வசதியைக் கேட்க முடியும். பயன்படுத்துபவர் சம்மதம் தர வேண்டும். அப்போதும் வழக்கமான ஏ.ஆர். முறையில் காமிராவின் படம் அந்தப் பக்கத்துக்குப் போவதில்லை. தரை எங்கே, செல்போன் எங்கே என்ற கணக்குதான் போகிறது. படத்தையே கேட்கும் பக்கங்களும் உண்டு; அதற்குத் தனியாக அனுமதி கேட்கப்படும். காரணம் புரியாவிட்டால் மறுத்துவிட வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் இயந்திரங்கள் வழங்குகிறது. மானியப் பட்டியலில் இடம் கேட்கும் கம்பெனி, தன் இயந்திரத்தின் உருவக் கோப்பை ஜி.எல்.டி.எஃப். என்ற பொது முறையில் தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். அக்கோப்புகளை ஒரே அரசு இணையதளத்தில் வைத்தால், எந்தச் செயலியும் இறக்காமல் நாலு டில்லரையும் அடுத்தடுத்துக் களத்தில் நிறுத்திப் பார்க்க விவசாயியால் முடியும். இயந்திரத்தை வடிவமைத்த கம்பெனியிடம் கம்ப்யூட்டர் வரைபடம் ஏற்கெனவே இருக்கும். அதை இந்த முறைக்கு மாற்றி, அளவைக் குறைத்துத் தருவதுதான் மிச்ச வேலை.